விரிசலுக்குக் காவல்

குண்டூசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பொய் சொன்னாள். ரொம்பச் சின்னப் பொய். மூன்றே சொற்கள்.

"கண்ணாடி நல்லா இருக்கு."

சொன்னபோது அவள் அந்தக் கண்ணாடியைப் பார்த்திருக்கவே இல்லை. மேஸ்திரி வேலை முடிந்து கிளம்பும் அவசரத்தில் கேட்டார், இவளும் விளையாடும் அவசரத்தில் சொல்லிவிட்டாள். அவர் நம்பிக் கிளம்பிப் போனார்.

குண்டூசி என்பது பள்ளிக்கூடப் பெயர் இல்லை. வயது பத்து, ஆள் ஒல்லி, எதைப் பார்த்தாலும் "இது ஏன்? அது எதுக்கு?" என்று குத்திக் குத்திக் கேட்பாள். அதனால் வந்த பெயர். அவளுடைய தம்பிக்கு ஏழு வயது. உப்பிய கன்னம், உருண்டை முகம், அவனை எல்லோரும் உருளை என்று கூப்பிடுவார்கள். அவன் கையில் எப்போதும் ஒரு ரப்பர் பந்து இருக்கும். அந்த வீட்டில் எது உடைந்தாலும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். அவன் பிறப்பதற்கு முன்பே உடைந்த வாசல்படியைக்கூட ஒருமுறை அப்பா அவன் தலையில் கட்டப் பார்த்தார்.

அவர்களுடையது பழைய செங்கல் வீடு. சின்ன வீடு. முன்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சாமான் போட்டு வைக்கும் ஓர் அறை. அவ்வளவுதான். இன்னும் ஒரு மாதத்தில் அம்மாவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. ஐந்து பேருக்கு இந்த வீடு போதாது என்று அப்பாவும் அம்மாவும் ஒரு வருஷம் பேசிப் பேசி, கடைசியில் பின்பக்கம் இரண்டு புது அறைகள் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். அதில் ஒன்று குண்டூசிக்கு. அவளுக்கே அவளுக்கு. கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாம் உண்டு.

வேலை தொடங்கிய முதல் நாளே மேஸ்திரி பின்னறையின் மூலையில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார். பின்சுவரும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், மேலிருந்து கீழாக, ஒரு நூல் கனத்துக்கு ஓடியது. அவர் அதன் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனைகளிலும் சிமெண்ட் பூசி ஒட்டினார்.

"இது எதுக்கு மேஸ்திரி மாமா?" என்றாள் குண்டூசி.

"பழைய வீட்டுக்கு அஸ்திவாரம் ஆழம் கிடையாது. பக்கத்துல நாம மண்ணத் தோண்டும்போது சுவரு நகரலாம். நகர்றது நம்ம கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி வளையாதில்ல, சுவரு கொஞ்சம் அசைஞ்சாலும் பட்டுனு உடைஞ்சுடும்."

"உடைஞ்சா?"

"வேலைய நிறுத்தணும்."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும்? ராத்திரி உடைஞ்சா எப்படித் தெரியும்? ரெண்டு கண்ணாடி வச்சா நல்லதில்லையா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நீயே பாத்துச் சொல்லு. நான் தோண்டுற இடத்துல நிக்கணும், அடிக்கடி உள்ள ஓடி வர முடியாது. நீதான் இதுக்குக் காவல்."

பத்து நாள் குண்டூசி தவறாமல் பார்த்தாள். பதினோராம் நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் அவளுடைய அறை இருக்கப்போகும் இடத்தில் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அந்தக் கோட்டுக்குள் போய் நின்றாள். கட்டில் இங்கே, மேஜை அங்கே என்று குச்சியால் அளந்தாள். இல்லாத கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். மேஸ்திரி கேட்டபோது அவள் இல்லாத ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சொன்ன பொய்தான் அது.

சனிக்கிழமை காலை பத்து மணி. தோண்டும் இயந்திரம் பின்பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. பழைய சுவரை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தோண்ட வேண்டும். ஒரு துண்டு தோண்டி, அதில் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு அடுத்த துண்டு. மேஸ்திரியின் வழக்கம் அதுதான். ஆனால் கான்கிரீட் லாரி இந்த வாரத்தில் சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். "ஒரே இழுப்பா இழுத்துடலாம் மேஸ்திரி, சுவரு ஆடாம அசையாமத்தானே நிக்குது" என்றார் மிஷின்காரர். மேஸ்திரி யோசித்தார். நேற்றுச் சாயங்காலம் கண்ணாடியும் நன்றாக இருந்ததாமே. சரி என்றுவிட்டார்.

கயிறு எடுக்கப் பின்னறைக்குப் போன மேஸ்திரி அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. அதற்கு நேர் கீழே உருளை உட்கார்ந்திருந்தான். மடியில் பந்து.

"அம்மா, கொஞ்சம் வாங்க" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். அம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தார். பின்னாலேயே குண்டூசியும் வந்தாள்.

"குண்டூசி, நேத்து சாயங்காலம் கண்ணாடி முழுசா இருந்துச்சுன்னு சொன்னே இல்ல?"

இல்லை என்று குண்டூசி சொன்னால், பார்க்காமலே சொன்னது தெரிந்துவிடும். சுவர் நகர்ந்திருக்கிறது என்றால் வேலை நின்றுவிடும். அவளுடைய அறையும் நின்றுவிடும். ஒரு நிமிஷத்துக்குள் இவ்வளவும் மனசில் ஓடியது. அப்போது அவள் கண்ணில் பந்து பட்டது.

"முழுசா இருந்துச்சு" என்றாள். "இவன்தான் பந்தால அடிச்சிருப்பான்."

"நான் உடைக்கல" என்றான் உருளை.

"இந்த ரூமுக்குள்ள பந்த எடுத்துட்டு வரக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்றார் அம்மா.

"எடுத்துட்டுத்தான் வந்தேன். ஆனா நான் உடைக்கல."

"போன வாரம் முன் ஜன்னலையும் நீ உடைக்கல. அப்பாவோட மூக்குக்கண்ணாடியையும் நீ உடைக்கல. எல்லாம் தானா உடையுது இந்த வீட்டுல."

உருளை வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அவன் கன்னம் இரண்டும் நடுங்கின.

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். அவருக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். "சின்னப் பையன்தானே, விடுங்க. மத்தியானம் வேற கண்ணாடி ஒட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். இயந்திரம் மறுபடியும் உறுமத் தொடங்கியது.

உருளை எழுந்திருக்கவில்லை.

"வாடா வெளிய" என்றாள் குண்டூசி.

"வர மாட்டேன்."

"எதுக்கு இங்க வந்தே நீ?"

அவன் பந்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். "நேத்து நீ கண்ணாடியப் பாக்கல. கோட்டுக்குள்ளயே நின்னுட்டு இருந்தே. காலையிலயும் பாக்கல. மேஸ்திரி மாமா கேட்டா உனக்குத் திட்டு விழுமேன்னு நான் பாக்க வந்தேன். வந்தப்பவே உடைஞ்சிருந்துச்சு."

குண்டூசிக்கு முகம் சூடாகிவிட்டது. "அதை ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பாக்காதது தெரிஞ்சுடும்ல."

தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தம்பியின் பக்கத்தில் போய் நின்று, உடைந்த கண்ணாடியை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தாள்.

பந்து பட்டு உடைந்த ஜன்னலை அவள் பார்த்திருக்கிறாள். அது நட்சத்திரம் போலச் சிதறியிருந்தது, கூட்டிப் பெருக்க ஒரு முறம் தேவைப்பட்டது. இங்கே தரையில் ஒரு சில்லுகூட இல்லை. கண்ணாடியின் ஒரு பாதி இந்தச் சுவரிலும் மறுபாதி அந்தச் சுவரிலும் அப்படியே ஒட்டியிருந்தன. நடுவில் நேராக ஒரு பிளவு. அந்தப் பிளவு விரிசலின் மேலேயே இருந்தது.

"பென்சில் எடுத்துட்டு வா. அடிக்கோலும்" என்றாள்.

உருளை ஓடிப் போய் இரண்டையும் கொண்டுவந்தான். குண்டூசி விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தாள், அந்தப் பக்கம் ஒரு புள்ளி. அடிக்கோலை வைத்து அளந்தாள். இரண்டுக்கும் நடுவே சரியாகப் பத்து மில்லிமீட்டர்.

"எதுக்குக்கா?"

"சுவரு நிஜமாவே நகருதுன்னா இது பத்தா இருக்காது."

அதற்குள் அம்மா கூப்பிட்டார். வேலை செய்கிறவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான்கு டம்ளர்கள் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு குண்டூசி பின்பக்கம் போனாள். பள்ளம் அவள் நினைத்ததைவிட நீளமாகவும் ஆழமாகவும் இருந்தது. பழைய சுவரின் காலடியில், மண்ணுக்குள்ளிருந்த கடைசி வரிச் செங்கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குக் கீழே வெறும் மண். அவள் பார்க்கும்போதே அதிலிருந்து ஒரு கைப்பிடி மண் சரிந்து பள்ளத்தில் விழுந்தது.

தட்டை வைத்துவிட்டு அவள் வேகமாகத் திரும்பினாள்.

பின்னறை வாசலிலேயே உருளை நின்றான். "அக்கா, பன்னெண்டு."

"என்ன பன்னெண்டு?"

"புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல. நான் மூணு தடவ அளந்துட்டேன்."

அவனுக்கு அளக்கத் தெரியுமா? பள்ளியில் அடிக்கோலைக் கத்தியாக வைத்துச் சண்டை போடுகிற பையன். ஒரு கணம் குண்டூசிக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்குக் காலையிலிருந்து இந்த வீட்டில் நிஜம் பேசிய ஒரே ஆள் இவன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது மேலே எங்கேயோ மெல்லிய சத்தம் கேட்டது. சுவர்ப் பூச்சிலிருந்து பொடிப் பொடியாகச் சுண்ணாம்பு அவர்கள் தலைமேல் உதிர்ந்தது.

குண்டூசி தம்பியின் கையைப் பிடித்து அறையைவிட்டு இழுத்தாள். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, அடுப்ப அணைச்சுட்டு வாசலுக்குப் போங்க. இவனையும் கூட்டிட்டுப் போங்க. தெருவுக்கே போயிடுங்க."

"என்னடி, என்ன ஆச்சு?"

"சுவரு நகருதும்மா. அப்புறம் சொல்றேன். போங்கம்மா, ப்ளீஸ்."

அம்மா ஏதோ கேட்க வந்தார். மகளின் தலையிலும் மகனின் தலையிலும் வெள்ளையாகப் பொடி படிந்திருந்ததைப் பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் அடுப்பை அணைத்தார்.

குண்டூசி பின்பக்கம் ஓடினாள். மேஸ்திரி பள்ளத்தின் ஓரத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டே அடி. இழு, இழு."

"மேஸ்திரி மாமா, நிறுத்தச் சொல்லுங்க."

"தள்ளிப் போ பாப்பா, இங்கெல்லாம் வரக்கூடாது."

"சுவரு நகருது."

"அதான் பந்து பட்டு உடைஞ்சதுன்னு ஆயிடுச்சே. லாரி கிளம்பிடுச்சு, நேரம் இல்ல. அப்புறம் பேசலாம்."

இயந்திரத்தின் வாளி மறுபடியும் பள்ளத்துக்குள் இறங்கியது. எதைச் சொன்னால் இவர் காது கொடுப்பார் என்று குண்டூசிக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும், இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிச் சொல்ல வேண்டும்.

"நான் பொய் சொன்னேன்" என்று கத்தினாள்.

மேஸ்திரி திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் நான் கண்ணாடியப் பாக்கவே இல்ல. பாக்காமலே நல்லா இருக்குன்னு சொன்னேன். இன்னைக்குக் காலையிலயும் பாக்கல. தம்பி வந்தப்பவே அது உடைஞ்சுதான் இருந்துச்சு. பந்து படல. புள்ளி வச்சு அளந்தோம், பத்து இருந்தது பன்னெண்டு ஆயிடுச்சு. மேல இருந்து பொடி கொட்டுது."

மேஸ்திரி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. மிஷின்காரரைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். இயந்திரம் நின்றது. திடீரென்று வந்த அமைதியில், பழைய சுவருக்குள் ஏதோ நெரிபடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"வீட்டுக்குள்ள யாரு?"

"யாரும் இல்ல. அம்மாவும் தம்பியும் தெருவுல நிக்கறாங்க."

"அனுப்பிட்டியா? நல்லது. நீயும் போ, ஓடு." அதற்குள் அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "தோண்டின மண்ண அப்படியே பள்ளத்துல தள்ளு. சுவரோரமா முதல்ல தள்ளு. நீங்க ரெண்டு பேரும் அந்த நீள மரத்த எடுங்க. வெளியில இருந்தே சாய்ச்சு முட்டுக் குடுக்கணும். உள்ள யாரும் கால வைக்கக்கூடாது."

குண்டூசி பக்கச் சந்து வழியாகத் தெருவுக்கு ஓடினாள். அம்மா எதிர்வீட்டு மதில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உருளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று பேரும் வீட்டையே பார்த்தார்கள். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காததுபோல இருந்தது. அதே சிவப்புச் செங்கல், அதே பச்சைக் கதவு. பின்னாலிருந்து இயந்திரத்தின் உறுமலும், மரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமும், மேஸ்திரியின் குரலும் கேட்டன. "மெதுவா. மெதுவா. இன்னும் தள்ளு."

திடீரென்று எதுவோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. கூரைக்கு மேலே புழுதி எழும்பியது.

அம்மா எழுந்துவிட்டார். குண்டூசியின் கையை அவர் பிடித்த பிடியில் விரல்கள் வலித்தன. உருளை கண்களை இறுக மூடிக்கொண்டான். பின்பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று குண்டூசி எண்ணினாள். ஏன் எண்ணுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்தேழு வரைக்கும் எண்ணிவிட்டாள்.

பக்கச் சந்திலிருந்து மேஸ்திரி வந்தார். தலை முதல் கால் வரை புழுதி. கண் இரண்டும் மட்டும்தான் தெரிந்தன.

"மேல் வரிசையில நாலஞ்சு செங்கல் உள்பக்கமா விழுந்துடுச்சு" என்றார். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. முட்டுக் குடுத்தாச்சு, பள்ளத்த மூடியாச்சு. சுவரு நின்னுடுச்சு."

அம்மா அப்படியே மதிலோரம் உட்கார்ந்தார். "எங்க விழுந்துச்சு?"

மேஸ்திரி தயங்கினார். பிறகு உருளையைப் பார்த்தார். "காலையில இவரு உட்கார்ந்திருந்தாரே, அந்த மூலையில."

அம்மா உருளையை இழுத்து அணைத்துக்கொண்டார். அவன் மூச்சுத் திணறி நெளிந்தும் விடவில்லை.

குண்டூசி அழுதுவிட்டாள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து அப்பா தெருமுனையில் வந்தபோதும் அழுகை நிற்கவில்லை. என்ன நடந்தது என்று அவர் கேட்டதும், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். சொன்ன பொய்யை முதலில் சொன்னாள், அளந்ததைக் கடைசியில் சொன்னாள். அப்பா கடைசி வரைக்கும் கேட்டார்.

"தப்பு என் மேலயும் இருக்கு சார்" என்றார் மேஸ்திரி. "லாரிக்கு அவசரப்பட்டு முழு நீளத்துக்கும் தோண்டினது நான். கண்ணாடிய நானே ஒரு தடவ பாத்திருக்கணும். சில்லு சிதறாம உடைஞ்சிருக்கே, அதையாவது கவனிச்சிருக்கணும். ஒண்ணும் இல்லன்னு ஆயிடணும்னு மனசு ஆசைப்பட்டுச்சு. இனிமே துண்டு துண்டாத்தான் வேலை. முடிக்க ஒரு மாசம் கூடுதலா ஆகும்."

"ஆகட்டும்" என்றார் அப்பா.

ஒரு மாதம். குழந்தை வந்துவிடும், அறை வராது. குண்டூசிக்கு அது புரிந்தது. ஆச்சரியமாக, அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் தோன்றவில்லை. அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி உருளையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "தம்பி, உன்ன நம்பாதது என் தப்பு. மன்னிச்சுக்க."

அம்மாவும் சொன்னார். "நானும்தாண்டா கண்ணு."

உருளைக்கு இதெல்லாம் புதிது. பெரியவர்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டு அவன் பார்த்ததே இல்லை.

"அப்போ கண்ணாடிய நான் உடைக்கல" என்றான்.

"நீ உடைக்கல."

"நிஜமாவே உடைக்கல."

"நிஜமாவே உடைக்கல."

அந்த நேரம் பார்த்து கான்கிரீட் லாரி வந்து நின்றது. இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்ல மேஸ்திரி அதை நோக்கிப் போனார். அவருக்கு முன்னால் உருளை ஓடிப் போய் ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கீழே நின்றான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, கண்ணாடிய நான் உடைக்கல."

ஓட்டுநர் பதறிப்போய் லாரியின் முன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "எந்தக் கண்ணாடிப்பா?"

குண்டூசி கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். "ஆமாண்ணே. அவன் உடைக்கல. உடைச்சான்னு நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"அப்படியா, சரிம்மா" என்றார் ஓட்டுநர், ஒன்றும் புரியாமல்.

உருளைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எதிர்வீட்டு மாமியிடம் போனான். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போனான். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார், அவரிடமும் சொன்னான். ஒவ்வொரு முறையும் குண்டூசி பின்னாலேயே போய் நின்று, தான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டாள். மூன்றாவது முறை சொல்லும்போது வெட்கம் பாதியாகக் குறைந்திருந்தது. நான்காவது முறை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போதுமாடா?"

உருளை தெருவை ஒருமுறை பார்த்தான். "இன்னும் ஏழு வீடு இருக்கு" என்று சொல்லி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்தான்.